மிலிட்டரி நர்ஸ்: 17 வயதிலேயே கையெழுத்துப் போடுவதா, படித்து முடித்துவிட்டுப் போவதா?

நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்பதால் ஒவ்வொரு மே மாதமும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "மேடம், பொண்ணுக்கு மிலிட்டரி நர்சிங்னா ஆசை. நீட் எழுதியிருக்கா. நம்ம கவுன்சலிங்லயும் சீட் கிடைக்கும் போலிருக்கு. எதை எடுக்கிறது?" இது பெற்றோர் கேட்பது. பிஎஸ்சி முடித்துத் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாக நைட் டியூட்டி பார்க்கும் பெண்களின் கேள்வி வேறு: "இப்பப் போனா லேட்டா மேடம்? பேசாம எய்ம்ஸுக்கே படிக்கவா?"

ஆக, முன்னால் இருப்பவை மூன்று வழிகள். பிளஸ் டூ முடித்ததும் ராணுவ நர்சிங் கல்லூரி. வெளியில் பிஎஸ்சி முடித்துவிட்டு ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் ராணுவ அதிகாரி வேலை. ராணுவமே வேண்டாமென்று எய்ம்ஸ் அல்லது மாநில அரசு வேலை. சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முதல் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உங்கள் வாழ்க்கையில் எந்த வருடங்களை, எந்த வயதில் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

## ஒப்பிடுவதற்கு முன்

மிலிட்டரி நர்சிங் சர்வீஸை எம்என்எஸ் என்பார்கள். அதில் சேருகிறவர் சிப்பாய் அல்ல, அதிகாரி. லெப்டினன்டாக ஆரம்பித்து கேப்டன், மேஜர் என்று மேஜர் ஜெனரல் வரை பதவி உண்டு. 1888-இல் பிரிட்டனிலிருந்து பம்பாய்க்கு வந்து இறங்கிய பத்து நர்ஸுகளிடம் தொடங்கிய கதை இது. 1926 அக்டோபர் 1-இல் இந்திய ராணுவ நர்சிங் சேவை தனி அமைப்பானது. 1943-இல் வந்த அவசரச் சட்டம்தான் நர்ஸுகளுக்கு அதிகாரி அந்தஸ்தைக் கொடுத்தது. 1976-இல் ஜி. ஏ. ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண் ஒரு நர்ஸ்தான் என்பது நம் நர்சிங் கல்லூரிகளிலேயே பலருக்குத் தெரியாது.

எம்என்எஸ் பெண்களுக்கு மட்டுமானது. நர்சிங் படித்த பையன்களுக்கு இப்போதைக்கு இதில் இடமில்லை. பிளஸ் டூ அறிவியல் படித்த ஆண்கள் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட் ஆகலாம். அது சிப்பாய் நிலை வேலை, அதிகாரிப் பதவி அல்ல. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு.

## எதை எதை வைத்து அளப்பது

நான் கேட்கச் சொல்வது ஐந்து கேள்விகள்.

படித்து முடிக்கும்வரை வீட்டுக்கு எவ்வளவு செலவு? எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், நடுவில் விலகினால் என்ன ஆகும்? எங்கே வேலை, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, கடைசியில் ஓய்வூதியம் உண்டா? ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: இந்த வாய்ப்பு கிடைக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

கடைசிக் கேள்விதான் எனக்கு முதல் கேள்வி.

## வழி 1: பிளஸ் டூ முடித்ததும் ராணுவ நர்சிங் கல்லூரி

நாடு முழுக்க ஆறு கல்லூரிகள்: புனே, மும்பை, கொல்கத்தா, லக்னோ, டெல்லி, பெங்களூரு. மொத்தம் 220 இடங்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் சேர்த்து 50 சதவீதத்துக்குக் குறையாமல், முதல் முயற்சியிலேயே பாஸ் ஆகியிருக்க வேண்டும். வயது சுமார் 17 முதல் 25 வரை. உயரம் குறைந்தது 152 செ.மீ. திருமணமாகாதவர்கள், விவாகரத்தானவர்கள், சட்டப்படி பிரிந்தவர்கள், குழந்தைப் பொறுப்பு இல்லாத கைம்பெண்கள் விண்ணப்பிக்கலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குவது அடுத்த படியில். தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங் சேர பிளஸ் டூ மார்க் போதும், நீட் தேவையில்லை. ராணுவ நர்சிங் கல்லூரிக்கு நீட் கட்டாயம். "நர்சிங்குக்கு எதுக்கு நீட்" என்று எழுதாமல் விட்ட பெண்ணுக்கு அந்த வருடம் இந்தக் கதவு மூடியதுதான். நீட் எழுதினால் மட்டும் போதாது, இந்திய ராணுவத்தின் இணையதளத்தில் தனியாக விண்ணப்பமும் போட வேண்டும். நீட் மதிப்பெண்ணை வைத்து ஒரு பட்டியல் போடுவார்கள். அதன் பிறகு பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் கலந்த கணினித் தேர்வு, உளவியல் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை.

செலவுக் கணக்கில் இதை மிஞ்ச வேறெதுவும் இல்லை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். யூனிஃபார்முக்குப் பணம் கொடுப்பார்கள், மாதா மாதம் ஸ்டைபண்டும் வரும். தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கிற குடும்பத்துக்கு இந்த ஒரு காரணமே போதும். படிப்பு முடிந்து, தகுதியும் இருந்தால், பர்மனென்ட் கமிஷனோ (ஓய்வு வயது வரை அதிகாரி வேலை) ஷார்ட் சர்வீஸ் கமிஷனோ கிடைக்கும். வேலை தேடி அலைய வேண்டியதில்லை.

இனி கண்ணுக்குத் தெரியாத செலவுகள்.

முதலாவது பாண்டு. குறைந்தது ஐந்து வருடம் சேவை செய்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். படிப்பின் நான்கு வருடத்தையும் சேர்த்தால் ஒன்பது வருடம். 18 வயதுப் பெண்ணுக்கு அது 27 வரை. நடுவில் விலகினால் பாண்டுத் தொகையைக் கட்டியாக வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை அறிவிப்பில் பார்த்து, வீட்டில் பெரியவர்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்வேன். கையெழுத்துப் போடுவது மகளாக இருந்தாலும், பணம் கட்டும் நிலை வந்தால் திண்டாடுவது வீடுதான்.

இரண்டாவது, வெளிநாட்டுக் கனவு. அயர்லாந்து, ஜெர்மனி, வளைகுடா என்று ஏற்கெனவே மனதில் ஒரு கணக்கு இருந்தால் இந்த வழி வேண்டவே வேண்டாம். 27 வரை அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அப்புறம் பாண்டைத் திட்டிப் பயனில்லை.

மூன்றாவது, சான்றிதழ். எம்என்எஸ் தேர்வு பல கட்டமாக நடப்பதால் முடிவு தெரிய நாளாகும். அதற்குள் மாநிலக் கவுன்சலிங் நடந்துவிடும். சீட்டை எடுத்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஒரிஜினல் சான்றிதழ்கள் அங்கே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி மருத்துவப் பரிசோதனை வரை தேறிவிட்டாள். சேர்ந்திருந்த கல்லூரியோ முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றது. அப்பா நகையை அடகு வைத்துத்தான் மீட்டுக்கொண்டு வந்தார். சேரும் நாளிலேயே, நடுவில் விலகினால் சான்றிதழும் பணமும் எப்படித் திரும்பி வரும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நான்காவது, மொழி. நீட்டைத் தமிழில் எழுதலாம். அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம், வார்டில் ஹிந்தி. ஹிந்தி ஆறு மாதத்தில் வந்துவிடும், அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேசத்தான் பயிற்சி வேண்டும். அதை நேர்காணல் கடிதம் வந்த பிறகு ஆரம்பித்தால் போதாது.

இந்த வழி யாருக்கு: வீட்டில் பணம் இல்லை, நீட் மதிப்பெண் கௌரவமாக வந்திருக்கிறது, ஊரை விட்டுப் போகவும் சீருடைக்கும் மனசு தயார், அடுத்த பத்து வருடம் வெளிநாட்டு எண்ணம் இல்லை. இப்படிப்பட்ட பெண் யோசிக்கவே வேண்டாம்.

## வழி 2: வெளியில் பிஎஸ்சி, பிறகு ஷார்ட் சர்வீஸ் கமிஷன்

பிஎஸ்சி, போஸ்ட் பேசிக் பிஎஸ்சி, எம்எஸ்சி நர்சிங் முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பெண்களுக்கான வழி இது. நீட் கிடையாது. வயது சுமார் 21 முதல் 35 வரை. நர்சிங், ஆங்கிலம், பொது அறிவுத்திறன் மூன்றும் கலந்த கணினித் தேர்வு, பிறகு நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. ஆரம்பத்தில் ஐந்து வருடம். விருப்பமும் தகுதியும் இருந்தால் இன்னொரு ஐந்து, அதற்கு மேல் நான்கு என்று 14 வருடம் வரை நீட்டிக்கலாம்.

இதன் பெரிய பலம், 17 வயதில் முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது. ஐசியூவில் இரண்டு வருடம் வேலை பார்த்து, நைட் டியூட்டி உடம்புக்கு ஒத்துவருகிறதா, கூட்டத்தோடு ஒழுங்காக வாழ முடிகிறதா என்று தன்னைத் தெரிந்துகொண்ட பிறகு போகலாம். அனுபவத்தோடு போகிற பெண் நேர்காணலில் பேசும் தோரணையே தனி. "ஏன் ராணுவம்?" என்று கேட்டால் மனப்பாடப் பதில் வராது. நீட்டை விட்டவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பும் இதுதான்.

பலவீனம், அறிவிப்பு எப்போது வரும் என்று நாள் குறிக்க முடியாது. 2023 டிசம்பரில் வந்த அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கக் கொடுத்தது சுமார் இரண்டு வாரம். தேர்வு 2024 ஜனவரி 14. அறிவிப்பைப் பார்த்த பிறகு கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஓடியவர்கள், பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராதவர்கள் எல்லாம் அதில் தவறவிட்டார்கள். இந்த வழியை மட்டும் நம்பி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிக்காதீர்கள். வேலையில் இருந்துகொண்டே கோப்பைத் தயாராக வைத்திருங்கள்: பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், கவுன்சில் பதிவு, வேலை அனுபவச் சான்று, பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்று. சான்றிதழ்களில் பெயரின் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு ஓய்வூதியம். ராணுவ அதிகாரிகளுக்குப் பொதுவாக 20 வருட சேவை இருந்தால்தான் ஓய்வூதியம். 14 வருடத்தில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் கிடையாது. 25-இல் சேர்ந்தவர் 39-இல் வெளியே நிற்பார். அனுபவத்துக்கு மதிப்பு இருக்கும், தனியார் பெரிய ஆஸ்பத்திரிகள் கூப்பிடும். ஆனால் எய்ம்ஸ் தேர்வின் பொது வயது வரம்பு 30. சலுகைகள் எது பொருந்தும் என்று அப்போது தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இந்த வழி யாருக்கு: படிப்புச் செலவை வீடு தாங்கும் அல்லது அரசுக் கல்லூரி சீட் கிடைத்துவிட்டது, முடிவை மூன்று நான்கு வருடம் தள்ளிப்போட விருப்பம், வாழ்க்கையில் ஐந்திலிருந்து பத்து வருடம் சீருடையில் இருந்துவிட்டு வேறு பக்கம் போவதில் வருத்தமில்லை.

## வழி 3: ராணுவம் வேண்டாம், அரசு வேலை போதும்

இதற்குள்ளேயே இரண்டு கிளை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கு நார்செட் தேர்வு. மத்திய அரசுச் சம்பள அட்டவணையில் ஏழாம் நிலை, அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நர்சிங் படி. பாண்டு, சல்யூட், பரேட் எதுவும் கிடையாது. 80 சதவீத இடங்கள் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. ஆனால் "ஊரை விட்டுப் போக மனசில்லை, அதனால் மிலிட்டரி வேண்டாம், எய்ம்ஸ் போறேன்" என்கிறவர்கள் ஒரு நிமிடம் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ரிஷிகேஷ், தேவ்கர், பதிண்டா, குவாஹாட்டி. ஊர் தூரம்தான் பயமென்றால் எய்ம்ஸ் அதற்கு மருந்தல்ல.

மாநில அரசு வேலை, அதாவது எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழி கிடைப்பது, உண்மையிலேயே வீட்டுப் பக்கம். ஆரம்ப சுகாதார நிலையமோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தமிழில் பேசி, தெரிந்த மக்களுக்கு வேலை பார்க்கலாம். நோயாளிகளின் எண்ணிக்கையும் வகையும் வேறெங்கும் கிடைக்காத பள்ளிக்கூடம். விலை என்னவென்றால் தொகுப்பூதியம், அதாவது படிகள் இல்லாத ஒரே தொகைச் சம்பளம். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் ஒப்பந்த செவிலியர்கள் உட்கார்ந்து போராடியபோது அவர்கள் வாங்கியது மாதம் 7,700 ரூபாய். பிறகு அது 18,000 வரை உயர்ந்தது. பணி நிரந்தரம் என்பது மட்டும் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கும் விஷயமாகவே இருக்கிறது. வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரே பிள்ளைக்கு அந்த வரிசையும் நியாயமான தேர்வுதான். அதைத் தோல்வி மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்காது.

## ஒரே பார்வையில்

| | ராணுவ நர்சிங் கல்லூரி | பிஎஸ்சி + ஷார்ட் சர்வீஸ் | எய்ம்ஸ் | எம்ஆர்பி |
|---|---|---|---|---|
| நுழைவு | நீட், கணினித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை | கணினித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை | நார்செட் | மாநிலத் தேர்வு வாரியம் வழி |
| வயது | சுமார் 17–25 | சுமார் 21–35 | பொதுவாக 30 வரை | அறிவிப்பின்படி |
| படிப்புச் செலவு | ஏறக்குறைய இல்லை | கல்லூரியைப் பொறுத்து | கல்லூரியைப் பொறுத்து | கல்லூரியைப் பொறுத்து |
| கட்டுப்பாடு | 4 வருடப் படிப்பு + குறைந்தது 5 வருடம் | 5 வருடம், 14 வரை நீட்டிப்பு | பாண்டு இல்லை | ஒப்பந்தம் |
| தொடக்க அடிப்படை | 56,100 + ராணுவப் படி 10,800 | அதே | 44,900 | தொகுப்பூதியம் |
| ஓய்வூதியம் | பர்மனென்ட் கமிஷனில் உண்டு | 14 வருடத்தில் இல்லை | பங்களிப்புத் திட்டம் | நிரந்தரமான பிறகே பேச்சு |
| இடம் | நாடு முழுக்க | நாடு முழுக்க | நாடு முழுக்க | தமிழ்நாடு |

அட்டவணையில் ஒரு எண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராணுவப் படி மற்ற அதிகாரிகளுக்கு 15,500, நர்சிங் அதிகாரிகளுக்கு 10,800. ஒரே தோள்பட்டை நட்சத்திரம், வேறு தொகை. சேர்வதற்கு முன்பே தெரிந்திருந்தால் உள்ளே போய் ஏமாந்தது போலத் தோன்றாது.

## வேலை எப்படி இருக்கும்

"பார்டர்ல நிக்க விடுவாங்களா?" என்று கேட்காத பாட்டி இல்லை. வேலை ராணுவ மருத்துவமனைகளில்தான். நீலகிரி வெலிங்டனும் சென்னையும் கிடைக்கலாம், ஸ்ரீநகரும் லேவும் அந்தமானும் கிடைக்கலாம். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். காயம்பட்ட வீரர்கள் மட்டுமே நோயாளிகள் என்று நினைக்காதீர்கள். அவர்களின் மனைவி, குழந்தைகள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் வருவார்கள். பிரசவ வார்டும் உண்டு, முதியோர் சர்க்கரை நோயும் உண்டு.

ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. பதவி உயர உயர நோயாளியின் கட்டிலிலிருந்து விலகிப் போவீர்கள். ஆட்களை நடத்துவது, கணக்கு, ஒழுங்கு, பயிற்சி என்று வேலையின் முகம் மாறும். ஊசி போட்டு, புண்ணைச் சுத்தம் செய்து, தேறி எழுந்து போகிறவரைப் பார்ப்பதில்தான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் அதையும் எடைபோடுங்கள்.

## கல்யாணம்

பயிற்சிக் காலத்தில் திருமணம் கூடாது. கமிஷன் வாங்கிய பிறகு தடையில்லை. ஆனால் ஒரு காலத்தில் நிலைமை வேறு. செலினா ஜான் என்ற லெப்டினன்ட் திருமணம் செய்துகொண்டதற்காக 1988-இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த விதி 1995-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர் வழக்கு நடத்திக்கொண்டே இருந்தார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தைப் பாலினப் பாகுபாடு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. "மிலிட்டரி நர்ஸுன்னா கல்யாணம் பண்ண விட மாட்டாங்க" என்று ஊரில் இன்றும் பேசுவது அந்தப் பழைய விதியின் எதிரொலிதான்.

விதி போய்விட்டது, மாற்றல் போகவில்லை. கணவரும் ராணுவத்தில் இருந்தால் ஒரே ஊர் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைப்பது காலியிடத்தைப் பொறுத்தது. கணவருக்கு ஊரில் கடையோ தோட்டமோ இருந்தால் வருடக்கணக்கில் இரண்டு இடத்தில் குடும்பம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடும் குடும்பங்கள் நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## மருத்துவப் பரிசோதனையில் விழுந்தால்?

ஐந்தாவது கேள்விக்கு வருகிறேன். தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டிய பிறகும் மருத்துவப் பரிசோதனையில் நிற்கிறவர்கள் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரே, வயிறு அல்ட்ராசவுண்ட் எல்லாம் எடுப்பார்கள். தனக்கே தெரியாத ஒரு கல்லோ கட்டியோ அங்கேதான் தெரியவரும். மேல்முறையீடு செய்யலாம். அதைவிட நல்லது, விண்ணப்பம் போடும்போதே வெளியில் ஒரு முறை ஸ்கேன் எடுத்து, எடையையும் கண்ணையும் பல்லையும் பார்த்துக்கொள்வது.

வழி 1-இல் விழுந்தால், மாநிலக் கவுன்சலிங் சீட்டை விட்டுவிடாமல் இருந்தால், ஒன்றும் குடி முழுகாது. நேராக வழி 2-க்கு வந்துவிடலாம். வழி 2-இல் விழுந்தாலும் பட்டமும் பதிவும் கையில் இருக்கும், நார்செட் எழுதலாம். நர்சிங் பாடம் இரண்டு தேர்வுக்கும் ஒன்றே. அதனால் "ராணுவமா எய்ம்ஸா" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிற பட்டதாரிகளுக்கு நான் சொல்வது, இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். முதலில் வரும் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம்.

பிளஸ் டூ மாணவிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நீட் விண்ணப்பம் பொதுத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வந்து போய்விடும். மிலிட்டரி ஆசை பாதிக்குப் பாதி இருந்தால்கூட அந்தப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். எழுதிவிட்டுப் போகாமல் இருக்கலாம், எழுதாமல் போக முடியாது.